நாற்பது சென் யாரைத் தடுக்கிறது? வேப், சிகரெட் வரியும் மாணவர்களின் கைச்செலவுக் காசும்

மலேசியாவில் 13 முதல் 17 வயது வரையுள்ள மாணவர்களிடையே சிகரெட் பிடிப்போர் 2017-இல் 13.8 விழுக்காடாக இருந்தனர். 2022-இல் அது 6.2 விழுக்காடாகக் குறைந்தது. அதே ஐந்தாண்டுகளில் வேப் எனப்படும் மின்சிகரெட்டைப் பயன்படுத்துவோர் 9.8 விழுக்காட்டிலிருந்து 14.9 விழுக்காடாகப் பெருகினர். சுகாதார அமைச்சு இளையோரிடம் நடத்திய தேசிய ஆய்வு தரும் கணக்கு இது. இந்த எண்களைப் பார்ப்பவர்கள், நிகோட்டின் கலந்த வேப் திரவத்தை அரசாங்கம் சட்டப்படி அனுமதித்ததால்தான் மாணவர்களிடையே இந்தப் பழக்கம் பரவியது என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடுகிறார்கள். அந்த அனுமதி வந்தது 2023-இல். 2022-இல் நிகோட்டின் திரவம் இன்னமும் நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ்தான் இருந்தது. அதைக் கடையில் வைத்து விற்பதே குற்றம். அப்படி இருந்தும், பள்ளி செல்லும் பிள்ளைகளில் ஏழு பேருக்கு ஒருவர் வேப் இழுத்துக்கொண்டிருந்தார். ஏட்டளவில் இருந்த தடை அவர்களைத் தடுக்கவில்லை. அதற்குப் பின், திரவத்தின் மில்லிலிட்டருக்கு 40 சென் என வந்த வரி அவர்களைத் தடுக்கிறதா என்பதைத்தான் இந்தக் கட்டுரை ஆராய்கிறது.

வரியால் விலை ஏறினால் புகைப்பது குறையும் என்பது உலகம் முழுவதும் பல பத்தாண்டுகளாகச் சோதித்துப் பார்த்த உண்மை. சிகரெட்டின் விலை 10 விழுக்காடு ஏறினால், வருமானம் மிகுந்த நாடுகளில் நுகர்வு ஏறத்தாழ 4 விழுக்காடும், மற்ற நாடுகளில் ஏறத்தாழ 5 விழுக்காடும் குறையும் என்று உலகச் சுகாதார நிறுவனம் எடுத்துரைக்கிறது. இளையோரிடம் இந்த விளைவு பெரியவர்களிடம் உள்ளதைவிட இரண்டு மூன்று மடங்கு வலுவாக இருக்கும். காரணம் எளிது. இருபது ஆண்டுகளாகப் புகைத்தவரின் உடல் நிகோட்டினுக்கு அடிமைப்பட்டுவிட்டது. விலை ஏறினால் அவர் வேறு செலவைக் குறைத்துக்கொள்வாரே தவிர சிகரெட்டைக் குறைக்க மாட்டார். பதினான்கு வயதுப் பையனுக்கு அது இன்னும் விளையாட்டு. அவன் கையில் இருப்பதோ சிற்றுண்டிச்சாலையில் சாப்பிட வீட்டில் கொடுத்த காசு. அந்தக் காசை எதில் செலவழிப்பது என்று அவன் ஒவ்வொரு நாளும் முடிவு செய்கிறான். அந்த முடிவில் விலைக்குப் பெரிய இடமுண்டு.

ஆனால், விலை ஏறுவது என்பது கடைப்பலகையில் எழுதியிருக்கும் எண் மாறுவது மட்டுமன்று. வாங்குபவரின் வருமானத்தோடு ஒப்பிட அது ஏற வேண்டும். சிகரெட்டின் கதையைப் பார்த்தால் இது புரியும். 2015 நவம்பரில் ஒரு சிகரெட்டுக்கான கலால் வரி 28 சென்னிலிருந்து 40 சென்னாக உயர்த்தப்பட்டது (நூறு சென் ஒரு ரிங்கிட்). முன்னணிச் சிகரெட் பெட்டியின் விலை ஒரே நாளில் 13.80 ரிங்கிட்டிலிருந்து 17 ரிங்கிட்டுக்குத் தாவியது. அதற்குப் பின் பத்து ஆண்டுகள் அந்த 40 சென் அசையவே இல்லை. 2025 நவம்பர் 1-ஆம் தேதிதான் அதனுடன் 2 சென் சேர்ந்தது. இந்தப் பத்து ஆண்டுகளில் தீபகற்ப மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் 900 ரிங்கிட்டிலிருந்து 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. 2015 இறுதியில் ஒரு மாதக் குறைந்தபட்சச் சம்பளத்தில் முன்னணிச் சிகரெட் ஏறத்தாழ 52 பெட்டிகள் வாங்கலாம் என்றால், 2025-இல் அதே சம்பளக்காரர் நூறை நெருங்கும் எண்ணிக்கையில் வாங்கலாம். வரி விகிதத்தை யாரும் குறைக்கவில்லை. ஆயினும், உழைப்பவரின் கைக்கு எட்டும் தூரத்தில் சிகரெட் ஏறத்தாழ பாதி மலிவாகிவிட்டது. பெட்டிக்கு 40 சென் கூட்டியதை ஏதோ பெரிய நடவடிக்கை போல் பேசுவது எனக்கு வியப்பளிக்கிறது. வரியை ஆண்டுதோறும் சம்பள உயர்வோடும் விலைவாசியோடும் சேர்த்து உயர்த்தும் ஏற்பாடு இல்லாவிட்டால், எந்த உயர்வும் சில ஆண்டுகளில் கரைந்து போகும்.

வரி அசையாமல் இருந்ததற்கு எப்போதும் சொல்லப்படும் காரணம் கடத்தல் சிகரெட். உயர்ந்த வரி மக்களைக் கடத்தல் சரக்கின் பக்கம் தள்ளுகிறது என்பது புகையிலை நிறுவனங்களின் வாதம். அதற்குச் சான்றாக அவர்கள் காட்டுவது அவர்களே பணம் கொடுத்து எடுக்கச் செய்யும் சந்தை ஆய்வை. அதன்படி, கடத்தல் சிகரெட்டின் பங்கு 2015-இல் மூன்றில் ஒன்றைச் சற்றுத் தாண்டியிருந்தது. 2020-இல் 60 விழுக்காட்டைக் கடந்தது. அண்மைய ஆண்டுகளில் 55 விழுக்காட்டையொட்டி நிற்கிறது. தொழில்துறை தரும் எண்ணிக்கையை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனாலும், கடத்தல் சிகரெட் பெருமளவில் புழங்குகிறது என்பதை செந்தூலிலோ பட்டர்வொர்த்திலோ ஓர் ஒட்டுக்கடைப் பக்கம் நின்று பார்த்தவர் எவரும் மறுக்க மாட்டார். கேள்வி என்னவென்றால், அது வரியால் வந்ததா, காவலின்மையால் வந்ததா என்பதுதான். சிங்கப்பூரில் ஒரு சிகரெட்டுக்கான வரி 2023-இல் 49.1 சிங்கப்பூர் காசாக உயர்த்தப்பட்டது. நம் பணத்தில் அது நமது வரியைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. அங்கே கடத்தல் சரக்கு நம் நாட்டைப் போல் சந்தையின் பாதியைப் பிடித்து உட்கார்ந்துவிடவில்லை. இங்கே நம் துறைமுகங்களும் கிடங்குகளும் கண்காணிக்கப்படும் விதத்தில்தான் ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டையை அடைக்காமல், அதையே காரணம் காட்டி வரியைக் குறைவாக வைத்திருப்பது பிள்ளைகளுக்கு இரட்டை இழப்பு: கடத்தல் பெட்டியும் மலிவு, சட்டப்படியான பெட்டியும் மலிவு.

சிகரெட்டைப் பொறுத்தவரை மாணவரின் கைச்செலவுக் காசை நேரடியாகக் கணக்கில் கொண்ட இரண்டு நடவடிக்கைகள் இந்த நாட்டில் எடுக்கப்பட்டன. இரண்டுமே அதிகம் பேசப்படாதவை. முதலாவது, 20 சிகரெட்டுக்குக் குறைவான சிறு பெட்டிகள் 2010 ஜூன் முதல் தடைசெய்யப்பட்டது. பிள்ளைகள் காசு சேர்த்து வாங்கும் பெட்டி என்றே அதற்குப் பெயர் ஏற்பட்டிருந்தது. பின்னாளில் பத்துச் சிகரெட் பெட்டியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று தொழில்துறை முயன்றபோது சுகாதாரத் தரப்பு அதற்கு இடம் கொடுக்கவில்லை. இரண்டாவது, 20 சிகரெட் கொண்ட பெட்டியை 12 ரிங்கிட்டுக்குக் கீழே விற்கக் கூடாது என்ற குறைந்தபட்ச விலை. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஒரு பெட்டி 5 ரிங்கிட்டுக்கோ 7 ரிங்கிட்டுக்கோ விற்கப்பட்டால், அதில் வரி முத்திரை இருக்கிறதா என்று ஒருவர் தேடிப் பார்க்க வேண்டியதில்லை. விலையே அது சட்டவிரோதம் என்று சொல்லிவிடும். பெற்றோரும், ஆசிரியரும், அக்கம்பக்கத்தாரும்கூட இதைக் கண்டுகொள்ளலாம். இந்த இரண்டு ஏற்பாடுகளும் வேப்புக்கு வந்து சேரவில்லை என்பதே சிக்கலின் மையம் என்று நான் கருதுகிறேன்.

வேப்பின் வரி வந்த விதத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 2021 ஜனவரி முதல் நிகோட்டின் இல்லாத திரவத்துக்கு மில்லிலிட்டருக்கு 40 சென்னும், கருவிக்கு அதன் மதிப்பில் 10 விழுக்காடும் கலால் வரி விதிக்கப்பட்டன. அந்த ஆண்டு இறுதியில் தாக்கலான 2022-ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், நிகோட்டின் உள்ள திரவத்துக்கும் வரி உண்டு, அது மில்லிலிட்டருக்கு 1.20 ரிங்கிட் என்று அறிவிக்கப்பட்டது. அந்த வரி நடைமுறைக்கு வராமல் தள்ளிப்போனது. சட்டப்படி நச்சுப்பொருளாக இருக்கும் ஒன்றுக்கு எப்படி வரி வாங்குவது என்ற முடிச்சு அவிழாமலேயே கிடந்தது. 2023 பிப்ரவரியில் பிரதமர் அன்வார் இப்ராஹிம் தாக்கல் செய்த வரவு செலவுத் திட்டத்தில் அது மீண்டும் வந்தது. வசூலாகும் பணத்தில் பாதி சுகாதார அமைச்சுக்குத் திரும்பும் என்ற உறுதிமொழியும் கூடவே வந்தது. 2023 மார்ச் 31-ஆம் தேதி, 1952-ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டத்தின் பட்டியலிலிருந்து நிகோட்டின் திரவமும் பசையும் விலக்கப்பட்டன. நச்சுப்பொருள் வாரிய உறுப்பினர்களின் எதிர்ப்பையும் மீறி அப்போதைய சுகாதார அமைச்சர் டாக்டர் சாலிஹா முஸ்தபா அதில் கையொப்பமிட்டார். மறுநாள், ஏப்ரல் 1-ஆம் தேதி, வரி தொடங்கியது. அறிவித்த 1.20 ரிங்கிட் அல்ல, 40 சென்.

அதோடு நிற்கவில்லை. பட்டியலிலிருந்து விலக்கிய நாளன்று, வேப்பைப் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று சொல்லும் வேறு சட்டம் எதுவும் நாட்டில் இல்லை. பொதுச் சுகாதாரத்துக்கான புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம், அதாவது 852-ஆவது சட்டம், 2024 அக்டோபர் 1-ஆம் தேதிதான் நடப்புக்கு வந்தது. இடைப்பட்ட பதினெட்டு மாதங்கள் ஒரு கடைக்காரர் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு நிகோட்டின் திரவத்தை விற்றாலும் அவர் மீது வயதைக் காரணம் காட்டி வழக்குப் போட வழியில்லை. மூன்று அரசு சாரா அமைப்புகள் இதை எதிர்த்து 2023-லேயே நீதிமன்றம் சென்றன. 2007-ஆம் ஆண்டும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்குப் புகைப்பொருளை எந்த வயதிலும் விற்கக் கூடாது என்று, கைரி ஜமாலுதீன் சுகாதார அமைச்சராக இருந்தபோது 2022-இல் முன்மொழிந்த பிரிவு, அரசியலமைப்பின் 8-ஆவது விதி சொல்லும் சம உரிமைக்கு முரணாகும் என்ற காரணத்தால் 2023 நவம்பரில் கைவிடப்பட்டது. ஆக, அந்த இடைவெளியில் விலைதான் மிஞ்சிய தடுப்பு. அந்த விலையில் வரியின் பங்கோ 40 சென்.

அந்த 40 சென் கடையில் என்ன ஆகிறது என்பதை அருகிலிருந்து பார்க்கலாம். பயன்படுத்திவிட்டு வீசும் வேப் கருவி ஒன்று உள்ளங்கைக்குள் அடங்கும். ரப்பர் அழிப்பானைவிடச் சற்றுப் பெரிது. இளஞ்சிவப்பு, ஊதா, பச்சை என்று நிறம். மேலே மாம்பழம், லைச்சி, தர்ப்பூசணி, ஐஸ்கிரீம் என்று சுவையின் பெயர். அதன் கீழே எத்தனை ஆயிரம் முறை இழுக்கலாம் என்ற எண், சுவையின் பெயரைவிடப் பெரிய எழுத்தில். பொத்தான் கிடையாது, வாயில் வைத்து இழுத்தாலே வேலை செய்யும். சட்டைப் பையில் போட்டால் எழுதுகோல் பெட்டியோ வேறெதுவோ என்று தோன்றும். இழுத்த பின் வரும் மணம் மிட்டாய் மணமாக இருப்பதால் வீட்டில் அம்மாவுக்கும் சந்தேகம் வராது. அதற்குள் 10 மில்லிலிட்டர் திரவம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். திரவத்துக்கான வரி 4 ரிங்கிட். கருவியின் விலை 25 ரிங்கிட் என்றால், நான்கு மாணவர்கள் ஆளுக்கு 6 ரிங்கிட் 25 சென் போட்டால் போதும். பல நாட்களுக்கு, பல ஆயிரம் இழுப்புகளுக்கு அது வரும். சிகரெட் பெட்டியையும் பகிர்ந்துகொள்ளலாம்தான். ஆனால் இருபது சிகரெட் நான்கு பேருக்கு ஐந்தைந்து, அத்தோடு தீர்ந்தது. வேப் கருவி அப்படித் தீர்வதில்லை, கைமாறிக்கொண்டே இருக்கும். இழுப்பு ஒன்றுக்கு என்ன விலை என்று கணக்கிட்டால், பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் அதைவிட மலிவான பொருளே இருக்காது.

1.20 ரிங்கிட் என்று முதலில் அறிவித்ததே நிலைத்திருந்தால், அதே 10 மில்லிலிட்டருக்கு வரி 12 ரிங்கிட். கருவியின் விலை 33 ரிங்கிட்டை எட்டும். ஆளுக்கு 8 ரிங்கிட் 25 சென். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்வு. இதனால் எல்லாரும் விட்டுவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. சேர்ந்து வாங்க நான்கு பேருக்குப் பதில் ஆறு பேர் வேண்டியிருக்கும், முதல்முறை இழுத்துப் பார்க்க நினைப்பவர் சிலர் தயங்குவர், சிலர் வாங்கவே மாட்டார்கள். வரியின் வேலை அந்த முதல் இழுப்பைத் தள்ளிப்போடுவதுதான். பிரிட்டன் 2026 அக்டோபரிலிருந்து விதிக்கவிருப்பதாக அறிவித்துள்ள வேப் வரி 10 மில்லிலிட்டருக்கு 2.20 பவுண்டு. இதை நம் பணத்துக்கு மாற்றிப் பார்த்தால், மில்லிலிட்டருக்கு நாம் கைவிட்ட அதே 1.20 ரிங்கிட்டை ஒட்டித்தான் வருகிறது. அங்கே பயன்படுத்திவிட்டு வீசும் கருவிகளை 2025 ஜூனில் தடையே செய்துவிட்டார்கள்.

அளவை வைத்து வரி போடுவதில் இன்னொரு குறையும் இருக்கிறது. மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம் நிகோட்டின் உள்ள திரவத்துக்கும் 30 மில்லிகிராம் உள்ளதற்கும் ஒரே 40 சென்தான். ஒரு சிகரெட்டிலிருந்து உடலில் சேரும் நிகோட்டின் பொதுவாக 1 முதல் 2 மில்லிகிராம். வேப்பில் உள்ள அனைத்தும் உடலில் சேர்ந்துவிடுவதில்லை என்றாலும், செறிவு மிகுந்த திரவம் எவ்வளவு விரைவாக ஒரு பிள்ளையை அடிமைப்படுத்தும் என்பதை இந்த எண்களை வைத்தே ஊகிக்கலாம். நிகோட்டின் உப்பு என்ற வடிவில் அது தொண்டையைக் கரிப்பதும் இல்லை. அதனால் முதல் இழுப்பிலேயே இருமி வெறுத்துப்போகும் வாய்ப்பும் போய்விட்டது. செறிவுக்கேற்ப வரியை ஏற்றினால் வீரியம் மிகுந்தது விலையும் மிகுந்ததாக இருக்கும். பரிசோதனைக் கூடமும் கண்காணிப்பும் வேண்டும் என்பதால் அது நிர்வாகத்துக்குக் கடினம். அதுவரை, 12 ரிங்கிட் சிகரெட் பெட்டிக்கு இருப்பது போன்ற குறைந்தபட்ச விலையை வேப் கருவிக்கு விதிப்பது நாளையே செய்யக்கூடிய காரியம்.

வேப்பின் வரியை மட்டும் ஏற்றிவிட்டுச் சிகரெட்டை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்ற எச்சரிக்கையும் நியாயமானதே. அமெரிக்காவில் நடந்த ஆய்வுகள் சில, வேப்பின் விலை ஏறியபோது இளையோரில் ஒரு பகுதியினர் சிகரெட்டுக்கு மாறியதைக் காட்டியிருக்கின்றன. சிகரெட்டிலிருந்து விடுபட வேப்பை நாடிய பெரியவர்களுக்கும் அது பாதகமாக முடியலாம். இதனால்தான் பிரிட்டன், வேப் வரி வரும் அதே நாளில் 100 சிகரெட்டுக்கு 2.20 பவுண்டு கூடுதல் வரியையும் அறிவித்தது. இங்கே சிகரெட்டுக்கு 2 சென், வேப் திரவத்துக்கு ஒன்றுமில்லை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்க்கும் வழக்கம் இருக்கும் வரை, மாணவர் மலிவானதைத் தேடி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிக்கொண்டே இருப்பார்.

அப்படியானால், மத்திய அரசாங்கத்தை எதிர்பார்த்து நிற்காமல் பினாங்கோ கோலாலம்பூரோ தாமே வரி போட முடியாதா? அமெரிக்காவில் நகரங்கள் அப்படிச் செய்திருக்கின்றன. பிலடெல்பியா நகரம் 2014 முதல் சிகரெட் பெட்டி ஒன்றுக்கு 2 டாலர் விதித்து, அந்தப் பணத்தைத் தன் பள்ளிகளுக்குக் கொடுத்தது. சிக்காகோவில் நாட்டு வரி, மாநில வரி, மாவட்ட வரி, நகர வரி என்று நான்கு வரிகள் ஒரே பெட்டியின் மீது ஏறுகின்றன. அதன் பலவீனமும் அங்கேயே தெரிந்தது: சிக்காகோ தெருவோரங்களில் வீசியெறியப்பட்ட காலிப் பெட்டிகளைப் பொறுக்கி ஆராய்ந்தபோது, அவற்றில் பெரும்பாலானவற்றில் நகரின் வரி முத்திரையே இல்லை. மக்கள் பக்கத்து மாவட்டத்திலும் பக்கத்து மாநிலத்திலும் வாங்கி வந்திருந்தார்கள். பினாங்கின் பட்டர்வொர்த்துக்கும் பக்கத்துக் கெடா மாநிலத்தின் சுங்கை பட்டாணிக்கும் இடையே உள்ள தூரத்தை நினைத்தால், பினாங்கு மட்டும் வரி போட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே அந்தக் கேள்வியே எழாது. சுங்க வரியும் கலால் வரியும் நமது அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் மத்திய அரசாங்கத்தின் பட்டியலில் உள்ளவை. மாநிலச் சட்டமன்றமோ மாநகர் மன்றமோ சிகரெட்டின் மீது ஒரு சென் வரியும் போட முடியாது. ஆனால் ஊராட்சி நிர்வாகம் மாநிலப் பட்டியலில் உள்ளது. உரிமங்களால் வரும் வருமானமும் மாநிலத்துக்கு உரியது. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தின் 107-ஆவது பிரிவு, மன்றம் தான் வழங்கும் எந்த உரிமத்துக்கும் பொருத்தமெனக் கருதும் நிபந்தனைகளை விதிக்கலாம் என்றும், காரணம் கூறாமலேயே அதை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்றும் சொல்கிறது. வரி போடும் அதிகாரம் இல்லாத மன்றத்திடம், எந்தக் கடை எங்கே எதை விற்கலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் முழுமையாக இருக்கிறது. கடைத்தெருவில் நடக்கும் வியாபாரத்தைப் பொறுத்தவரை இது வரியைவிடக் கூர்மையான கருவி.

பினாங்கு இதை வேறு துறைகளில் செய்து காட்டியிருக்கிறது. 2009-இல் வாரத்தில் ஒரு நாள் என்று தொடங்கி, 2011 ஜனவரி முதல் எல்லா நாளும் இலவச நெகிழிப்பை கிடையாது, வேண்டுமானால் 20 சென் கொடுங்கள் என்று சொன்னபோது, வெறும் 20 சென்னுக்கு யார் மாறப்போகிறார்கள் என்றுதான் பலரும் கேட்டார்கள். சந்தைக்குத் துணிப்பை எடுத்துச் செல்வது இன்று பினாங்கில் வழக்கமாகிவிட்டது. நெகிழிப்பை தேவைப்படுகிற பொருள், அடிமைப்படுத்தும் பொருளன்று என்ற வேறுபாடு உண்டு. அதை மறக்கக் கூடாது. 2014 ஜூன் முதல் தங்கும் விடுதிகளில் அறை ஒன்றுக்கு ஓர் இரவுக்கு 2 ரிங்கிட், 3 ரிங்கிட் என்று கட்டணம் வசூலிக்கப்படுகிறது. வரி என்ற பெயரில் அல்ல. ஊராட்சிக் கட்டணம் என்ற பெயரில். சிகரெட், வேப் விற்கும் கடைக்கென்று தனி உரிமம், அதற்கு உயர்ந்த ஆண்டுக் கட்டணம், பள்ளியிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் உரிமம் இல்லை, ஒரு பகுதியில் இத்தனை கடைக்கு மேல் இல்லை என்ற நிபந்தனைகளைப் பினாங்குத் தீவு மாநகர் மன்றமும் செபராங் பிறை மாநகர் மன்றமும் விதிக்கலாம். கட்டணம் உரிமத்தைக் கண்காணிக்கும் செலவோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். அளவுக்கு மீறினால் அது கட்டணம் என்ற போர்வையில் வந்த வரி என்று நீதிமன்றத்தில் கேள்வி எழும். அந்த எல்லைக்குள் நின்றாலும் கடைக்காரரின் கணக்கு மாறிவிடும்: மாதத்துக்குச் சில பெட்டி சிகரெட் விற்பதற்காகப் பெரிய கட்டணம் கட்டுவதைவிட அதை விட்டுவிடுவதே மேல் என்று சிறு மளிகைக்கடைக்காரர்கள் பலர் முடிவு செய்வார்கள்.

இந்த மளிகைக்கடைக்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். லிட்டில் இந்தியாவிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பல தலைமுறையாகக் கடை நடத்தும் நம்மவர்களுக்குச் சிகரெட்டில் கிடைக்கும் ஆதாயம் சொற்பம். சிகரெட் வாங்க வருபவர் பாலும் ரொட்டியும் நாளிதழும் சேர்த்து வாங்குவார் என்பதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். 2025 ஏப்ரல் முதல் புகைப்பொருளைப் பார்வைக்கு வைக்கக் கூடாது என்ற விதி வந்தபோது, கல்லாவுக்குப் பின்னாலிருந்த அடுக்குக்குத் திரை போட்டும் கதவு வைத்தும் அவர்கள் மறைத்தார்கள். அடையாள அட்டையைக் கேட்டு வயதைப் பார்த்து விற்கும் பழக்கம் உள்ளவர்களும் அவர்களில் உண்டு. மாணவர்களை முதன்மையாகக் குறிவைப்பது அவர்கள் அல்லர். பளபளக்கும் விளக்கு போட்டு, வேப்பை மட்டுமே விற்கும் கடைகளும், இணையத்தில் விற்கக் கூடாது என்று சட்டம் சொன்ன பிறகும் தகவல் செயலிகளின் குழுக்களில் விற்று, மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து கொடுப்பவர்களும்தான். உரிம நிபந்தனை முன்னவரை எட்டும், பின்னவரை எட்டாது. அவர்களைப் பிடிக்க சுகாதார அமைச்சின் அமலாக்க அதிகாரிகளும் காவல்துறையும்தான் வேண்டும். வேப் திரவத்தில் போதைப்பொருள் கலந்து விற்பது தெரியவந்த பிறகு காவல்துறையின் கவனம் இதன் பக்கம் திரும்பியிருக்கிறது.

சில மாநிலங்கள் இந்த உரிம அதிகாரத்தை முழுமையாகவே பயன்படுத்திவிட்டன. ஜொகூரும் கிளந்தானும் ஏறத்தாழ பத்து ஆண்டுகளுக்கு முன்பே வேப் விற்பனையைத் தடுத்தன. 2025 ஆகஸ்ட் 1 முதல் திரெங்கானுவும் பெர்லிசும் அவ்வழியில் சென்றன. சுகாதார அமைச்சர் டாக்டர் சுல்கிப்லி அகமது நாடு தழுவிய தடையைப் பற்றி வெளிப்படையாகவே பேசிவருகிறார். தடை வருமானால் நான் வரவேற்பேன். ஆனால், 2022-ஆம் ஆண்டின் 14.9 விழுக்காடு தடையிருந்த காலத்து எண் என்பதை நினைவில் கொண்டே வரவேற்பேன். தடை வரும் வரையிலும், தடை வந்த பிறகு சிகரெட்டுக்கும், விலை என்ற தடுப்பு தேவைப்படும்.

கோலாலம்பூரின் நிலை இதில் தனி. அது கூட்டரசுப் பிரதேசம். அங்கே மாநில அரசாங்கம் இல்லை. மாநகர் மன்றம் கூட்டரசு அமைச்சரின் பொறுப்பில் இயங்குகிறது. ஊராட்சித் தேர்தலும் நாட்டில் 1965-க்குப் பின் நடைபெறவில்லை. வரி விதிப்பவரும் உரிமம் வழங்குபவரும் தலைநகரில் ஒரே அரசாங்கம்தான். மாநிலம் வேறு, மத்திய அரசாங்கம் வேறு, நாங்கள் என்ன செய்வது என்று கைவிரிக்க அங்கே யாருக்கும் இடமில்லை. குறைந்தபட்ச விலையையும், பள்ளிக்கு அருகே உரிமம் இல்லை என்ற நிபந்தனையையும் சேர்த்துச் சோதித்துப் பார்க்க நாட்டிலேயே தகுந்த இடம் அதுதான். செந்தூல், செராஸ், கெப்போங் போன்ற பகுதிகளில் தொடங்கியிருக்கலாம். இதுவரை அப்படி ஒரு முயற்சி நடக்கவில்லை.

நம் சமூகத்துக்கு நெருக்கமான இன்னொரு புகையிலையும் இருக்கிறது. வெற்றிலை பாக்கோடு மெல்லும் புகையிலைக்கு 2024 ஜனவரி வரை கலால் வரியே கிடையாது. இப்போது மதிப்பில் 5 விழுக்காடும் கிலோவுக்கு 27 ரிங்கிட்டும் விதிக்கப்படுகின்றன. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடையே, குறிப்பாகப் பெண்களிடையே, மற்றவர்களைவிட மிகுதியாக இருப்பதை மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சுட்டிக்காட்டி வருகிறார்கள். தோட்டப்புறத்தில் வெற்றிலையோடு புகையிலையை வைத்து மென்று பழகிய தலைமுறை அதற்கு விலை கொடுத்தது. அந்தப் புகையிலையைச் சிறு பொட்டலமாக, சில்லறைக் காசுக்கு வாங்கலாம். கிலோவுக்கு 27 ரிங்கிட் என்பது 10 கிராம் பொட்டலத்தில் 27 சென்தான்.

வசூலாகும் பணம் எங்கே போகிறது என்பதைப் பற்றியும் கேட்க வேண்டும். தாய்லாந்து 2001-இல் தொடங்கிய சுகாதார மேம்பாட்டு அறவாரியத்துக்குப் புகையிலை, மது வரியின் மீது 2 விழுக்காடு கூடுதலாக வசூலித்து நேரடியாகத் தருகிறது. அமைச்சரவை மாறினாலும் அந்தப் பணம் நிற்பதில்லை, ஏனெனில் அது சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. பிலிப்பைன்ஸ் 2012-இல் சிகரெட் வரியைப் பன்மடங்கு உயர்த்தியபோது, கூடுதல் வருமானத்தின் பெரும்பகுதியை ஏழைகளின் மருத்துவக் காப்புறுதிக்கு என்று சட்டத்திலேயே ஒதுக்கியது. இங்கே வேப் வரியில் பாதி சுகாதார அமைச்சுக்கு என்பது வரவு செலவுத் திட்ட உரையில் கொடுத்த வாக்கு. அந்த வாக்கு சட்டமாகி, இடைநிலைப்பள்ளிகளின் ஆலோசக ஆசிரியர்களுக்கும், பழக்கத்தை விட விரும்பும் மாணவருக்குத் தமிழிலும் மற்ற மொழிகளிலும் உதவும் சேவைக்கும் எவ்வளவு என்று ஆண்டுதோறும் கணக்குக் காட்டப்பட வேண்டும். சுகாதாரக் கிளினிக்குகளில் புகைப்பதை நிறுத்தும் சேவை இப்போதே உண்டு; ஆனால் அது பெரும்பாலும் பல ஆண்டுகளாகச் சிகரெட் பிடித்த பெரியவர்களை மனத்தில் வைத்து அமைந்தது. பதினைந்து வயதில் வேப்புக்கு அடிமையான பிள்ளை, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வரிசையில் போய் உட்காராது. அந்தப் பிள்ளையிடமிருந்து 40 சென், 40 சென்னாகச் சேர்ந்த பணம் அதன் பள்ளிக்கே தேடிவர வேண்டும்.